‘கண்டிப்பான’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: எங்கள் ஊர் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



புதுச்சேரியின் நோணாங்குப்பம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், பூரணாங்குப்பம் வட்டாரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வாத்தியார் இல்லை. சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகள் நோட்டோடு வந்து உட்கார்ந்தால் தெரிந்ததைச் சொல்லித்தருகிற ஆள், அவ்வளவுதான்.

அந்த நோட்டுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி மூன்று கட்டம் போட்டிருக்கிறது: சொல், பொருள், எதிர்ச்சொல். ‘ஸ்ட்ரிக்ட்’, கண்டிப்பான, ‘லீனியன்ட்’. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அடுத்த சொல்லுக்குப் போயாகிவிட்டது. இந்தச் சொல்லுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன் என்றால், ஆங்கிலமே தெரியாத வீட்டிலும் புழங்குகிற சொல் இது. ‘எங்க சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’, ‘அந்த ஸ்கூல்ல ஸ்ட்ரிக்ட்டு’, ‘டாக்டர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டாரு’. பிள்ளைகளைப் பொறுத்தவரை அதற்கு ஒரே முகம்தான்: பிரம்பும் முறைப்பும். பிரம்பு சட்டப்படி போய்விட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. முறைப்பு மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பத்தாம் வகுப்பு வரை இந்த ஒரே பொருளை வைத்துச் சமாளித்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் சார்புகள் வருகின்றன. ஏறும் சார்பு என்றால் வரைபடம் இறங்கக் கூடாது. நடுவில் கொஞ்சதூரம் சமதளமாகப் போனால் குற்றமில்லை. அதற்கு முன்னால் ‘ஸ்ட்ரிக்ட்லி’ சேர்த்துவிட்டால் அந்தச் சமதளமும் கூடாது, ஒவ்வொரு புள்ளியிலும் முந்தியதைவிட மேலே போயே ஆகவேண்டும். ‘கண்டிப்பாக ஏறும் சார்பு’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்ட பிள்ளை, சாதாரணச் சார்பு ஏறினாலும் ஏறும், ஏறாவிட்டாலும் போகட்டும் என்று நினைத்துக்கொள்கிறது. அதன் மேல் தப்பில்லை. ‘கண்டிப்பா வரேன்’ என்றால் ‘நிச்சயமா வரேன்’ என்றுதானே நம் வீடுகளில் பொருள்?

கண்டித்தல் என்பதற்குத் துண்டித்தல், வெட்டுதல் என்றும் தமிழில் பொருள் உண்டு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பது நம்முடைய கண்டிப்பு. கடைத்தெருவில் சொல்கிற ‘கறார்’ அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பேசி முடித்த ஒப்பந்தம், இனி மாறாது என்று பொருள். ‘ஸ்ட்ரிக்ட்’ இந்த இரண்டு வழியிலும் வரவில்லை. அது கயிற்றிலிருந்து வந்தது.

லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்று ஒரு வினைச்சொல். இழுத்து இறுக்கிக் கட்டுவது என்று பொருள். கிளையிலிருந்து இலையையும் காயையும் உருவுவதற்கும், உறையிலிருந்து வாளை உருவுவதற்கும்கூட ரோமானியர்கள் அதே சொல்லைச் சொன்னார்கள். அதன் எச்ச வடிவம்தான் ‘ஸ்ட்ரிக்டுஸ்’, இறுக்கப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குக் குறுகிய, ஒடுங்கிய என்றுதான் பொருள். விதியையும் சட்டத்தையும் ஆட்களையும் அந்தச் சொல்லால் சொல்லும் வழக்கம் பிறகு வந்தது.

இதை வகுப்பில் காட்டப் படமோ ப்ரொஜெக்டரோ வேண்டாம். ஒரு ஆயாவின் சுருக்குப் பை போதும். வாயைத் திறந்து வைத்தால் கை முழுக்க உள்ளே போகும். இரண்டு பக்கக் கயிற்றையும் இழுத்தால் வாய் குறுகும், சுருக்கம் சுருக்கமாக மடியும், கடைசியில் சுண்டுவிரல்கூட நுழையாது. ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லின் இரண்டு குணமும் அதில் இருக்கிறது: இறுக்கம், இடமின்மை. கணக்குப் புத்தகத்து ‘ஸ்ட்ரிக்ட்லி’ இப்போது பிடிபடும். சமதளத்துக்கு விட்டிருந்த கொஞ்ச இடத்தையும் கயிறு இழுத்து மூடிவிட்டது.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சுருக்கு தெரியும். சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வலையைச் சுவர்போல இறக்கி, அடியில் வளையங்களுக்குள் ஓடுகிற கயிற்றை இழுத்தால் அடிவாய் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது பெரிதோ குஞ்சோ அத்தனையும் படகுக்கு வந்துவிடும். அந்த வலையால் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு இடையே என்னென்ன சண்டை நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த வலைக்குத் தமிழ்நாடு போட்ட தடையை எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும். சுருக்குகிற வலைக்கே நீதிமன்றம் சுருக்குப் போட்டது. ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லை விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. ‘ரெஸ்ட்ரிக்ட்’ பின்னுக்கு இழுத்துக் கட்டுவது, ‘கன்ஸ்ட்ரிக்ட்’ சேர்த்து நெரிப்பது. மலைப்பாம்பு இனத்துக்கு ‘கன்ஸ்ட்ரிக்டர்’ என்று ஏன் பெயர் என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

லத்தீன் எல்லாம் நமக்கு எதற்கு, அது எங்கோ இத்தாலிக்காரன் பேசியது என்று யாராவது சொன்னால், அவரை அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போங்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த சிவப்பு மெருகுப் பாண்டங்கள் இத்தாலியின் அரெஸ்ஸோ பாணியில் செய்தவை. சில துண்டுகளில் குயவரின் பெயர் லத்தீன் எழுத்தில் முத்திரையாகக் குத்தியிருக்கிறது. அதே மண்ணில் தமிழ் பிராமி கீறிய ஓடுகளும் கிடைத்தன. ஆங்கிலம் என்று ஒரு மொழியே பிறக்காத காலத்தில் லத்தீன் இந்த ஆற்றுக்கு வந்துவிட்டது. நோணாங்குப்பத்திலிருந்து அந்த மேடு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும். படகு வீட்டுக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளை அங்கேயும் ஒருநாள் அழைத்துப்போகலாம்.

அடுத்து இன்னொரு விஷயம். எனக்கு மிகவும் பிடித்தது.

நம் பிள்ளைகள் ‘இஸ்கூல்’ என்பார்கள், ‘இஸ்டேஷன்’ என்பார்கள், ‘இஸ்ட்ரிக்ட்’ என்பார்கள். நீங்கள் திருத்துவீர்கள், திருத்தவேண்டியதுதான். ஆனால் சிரிக்காதீர்கள். மெய்யெழுத்து தனியாகச் சொல்லுக்கு முதலில் நிற்காது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து தமிழ் நாக்குக்குப் பழக்கமான விதி. ‘ஸ்ட்’ என்று மூச்சை முட்டிக்கொண்டு தொடங்க அந்த நாக்கு சம்மதிக்காது. முன்னால் ஒரு ‘இ’யைப் போட்டு ஏறிக்கொள்ளும். இதையே பிற்கால லத்தீன் பேசிய சாதாரண ஜனமும் செய்தது. அந்த ‘இ’ அவர்களுடைய கல்வெட்டுகளிலேயே தலைகாட்டுகிறது. ‘ஸ்கோலா’ பழைய பிரெஞ்சில் ‘எஸ்கோல்’ ஆயிற்று. ‘ஸ்ட்ரிக்டுஸ்’ ‘எஸ்த்ரெயித்’ ஆயிற்று. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்த ‘ஸ்’ஸை விழுங்கிவிட்டார்கள், முன்னால் போட்ட ‘எ’ மட்டும் நின்றுவிட்டது. ‘எக்கோல்’ என்றால் பள்ளி என்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்லவேண்டுமா? அதே தறியில் நெய்ததுதான் ‘எத்ருவா’, குறுகலான. பிரெஞ்சு படிக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றிரண்டு இருக்கும். ‘எத்ருவா’வும் ‘ஸ்ட்ரிக்ட்’டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ‘இஸ்கூல்’ என்கிற பிள்ளையிடம், பாரீசிலும் ஒருகாலத்தில் இப்படித்தான் பேசினார்கள், நீ பின்தங்கியவன் இல்லை என்றும் சொல்லலாம்.

ஆங்கிலம் இந்தச் சொல்லை இரண்டு முறை வாங்கியது. முதல்முறை பிரெஞ்சு வாய் வழியாக, ‘ஸ்ட்ரெய்ட்’ என்று. அடுத்த முறை நேரே லத்தீன் ஏட்டிலிருந்து, ‘ஸ்ட்ரிக்ட்’ என்று. முதல் வரவைத்தான் நம் பிள்ளைகள் ஓயாமல் தப்பாக எழுதுகிறார்கள். எஸ்-டி-ஆர்-ஏ-ஐ-டி என்றால் குறுகல். நடுவில் ஜி-எச் சேர்த்து எழுதுகிற ‘ஸ்ட்ரெய்ட்’ வேறு குடும்பம். அது ‘ஸ்ட்ரெச்’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது, நீட்டி இழுத்ததால் நேரானது. உச்சரிப்பு ஒன்று, பிறப்பு வேறு. கைதியையும் மனநோயாளியையும் கட்டிவைக்கப் பயன்படுத்திய அங்கிக்கு ஜி-எச் கிடையாது. அது உடம்பை இறுக்குகிற சட்டை, நேரான சட்டை என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஒழுக்க விஷயத்தில் ரொம்பவும் விறைப்பான ஆளை ‘ஸ்ட்ரெய்ட்-லேஸ்டு’ என்பார்களே, அது ரவிக்கை நாடாவை மூச்சு முட்ட இழுத்துக் கட்டியதிலிருந்து வந்தது. அதற்கும் ஜி-எச் வேண்டாம், இப்போது ஆங்கிலேயர்களே போட்டு எழுதினாலும்கூட. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஜீவனுக்குப் போகிற வாசலைச் சொல்லும் இடத்திலும் இந்த ஜி-எச் இல்லாத சொல்தான். தமிழ் வேதாகமம் அதை இடுக்கம் என்று சரியாகவே பெயர்த்திருக்கிறது. அரியாங்குப்பம் மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி தெரிந்தே இருக்கும்.

இரண்டு நிலத்துக்கு நடுவே கடல் ஒடுங்கினால் அதுவும் ‘ஸ்ட்ரெய்ட்’. பிரெஞ்சில் ‘தெத்ருவா’. புதுச்சேரியை டச்சுக்காரர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1699-இல் திரும்பப் பெற்றார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1701-இல், அதே பிரெஞ்சு அரசின் ஆள் காடியாக் வட அமெரிக்காவில் இரண்டு ஏரிகளுக்கு இடையிலான குறுகிய நீர்வழியில் கோட்டை கட்டி அதற்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார். அதுதான் கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டெட்ராய்ட். நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருப்பது பாக் நீரிணை, ஆங்கிலத்தில் ‘பாக் ஸ்ட்ரெய்ட்’. 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் அது. ஆங்கிலம் கடலின் ஒடுக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் இரண்டு நீரும் இணைவதைப் பார்த்தது. பணமுடையிலும் இக்கட்டிலும் சிக்கியவனை ‘ஸ்ட்ரெய்ட்’டில் மாட்டியவன் என்று ஆங்கிலம் சொல்லும். நாம் நெருக்கடி என்கிறோம். அங்கேயும் நெருக்கம், இங்கேயும் நெருக்கம். இரண்டு மொழிக்கும் கஷ்டம் என்றால் நகர இடமில்லாமை என்றுதான் பட்டிருக்கிறது. கட்டுப்பாடு, கட்டளை, கட்டாயம் என்று ‘கட்டு’வை வைத்து நம்மிடமும் ஒரு குடும்பம் உண்டு, இந்த லத்தீன் குடும்பத்துக்கு நெருக்கமான தமிழ்ச் சம்பந்தி அதுதான்.

இன்னும் சில உறவுக்காரர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்ட்ரிக்ட்’. இடைக்கால லத்தீனில் அது ஒரு பிரபு ஆளைப் பிடித்துக் கட்டுப்படுத்தவும் பொருளைப் பறிமுதல் செய்யவும் உரிய அதிகாரம். பிறகு அந்த அதிகாரம் செல்லுபடியாகிற நிலப்பரப்பு. நம் மாவட்டத்துக்குள் ஒளிந்திருப்பது ஜப்தி உத்தரவு. (நாம் இன்னும் சொல்கிற ‘கொம்யூன்’ எவ்வளவோ மேல். அது பொதுவானது என்று பொருள்படும் சொல். பிரெஞ்சுக்காரர்கள் 1880-இல் ஏற்படுத்திய அந்த அமைப்பின் பெயரில்தான் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துக்குள் நம் ஊர் இருக்கிறது.) ‘டிஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வாடகைப் பாக்கிக்காகச் சாமானை எடுத்துக்கொண்டு போவது என்ற பொருள் உண்டு. அதன் தலையை வெட்டினால் ‘ஸ்ட்ரெஸ்’. ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட ‘ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்கிறானே, அந்த ஸ்ட்ரெஸ். அவனை எது இறுக்குகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

‘ஸ்ட்ரிஞ்சென்ட்’ இன்று சட்டத்துக்கும் நிபந்தனைக்கும் போடுகிற அடைமொழி. பதினேழாம் நூற்றாண்டில் அது மருந்துக்குப் போட்ட சொல். கடுக்காயைக் கடித்தால் நாக்கும் கன்னமும் உள்வாங்கிச் சுருங்குகிறதே, அந்தத் துவர்ப்புதான் அதன் முதல் பொருள். ‘அஸ்ட்ரிஞ்சென்ட்’ அந்தப் பொருளை இன்றும் விடவில்லை. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிற நமக்கு இது ஒரு விநாடியில் புரியும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் விளக்கவேண்டும்.

சட்டக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். ‘ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி’ என்று ஒரு கோட்பாடு. இங்கிலாந்தில் ஒருவர் கட்டிய நீர்த்தேக்கம் உடைப்பெடுத்துப் பக்கத்துச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த வழக்கில் உருவானது, 1868-இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. அஜாக்கிரதை இருந்ததா என்று கேட்கவேண்டாம், ஆபத்தான பொருளை வைத்திருந்தவனே பொறுப்பு. பெயர் ஸ்ட்ரிக்ட் என்றாலும் அதில் விதிவிலக்குகள் உண்டு: இயற்கைச் சீற்றம், வெளியாள் செய்த செயல், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு. போபால் விஷவாயுக் கசிவுக்கு மறு வருடம், 1985 டிசம்பரில், டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு இந்த விதிவிலக்குகள் எதுவும் இந்தியாவில் அபாயகரமான ஆலைகளுக்குக் கிடையாது என்று 1986 டிசம்பரில் சொல்லி, அதற்கு ‘அப்சல்யூட்’ என்று வேறு பெயர் வைத்தது. அதாவது நம் சட்டப்படி ஸ்ட்ரிக்ட் என்பதுதான் இளக்கமான பக்கம். ‘கண்டிப்பான’ என்று மட்டும் படித்துவிட்டுப் போகிற பிள்ளை இங்கே தடுக்கி விழும்.

அண்டை வீட்டுச் சொற்களுக்கும் தனித்தனி ஊர் உண்டு. ‘ஸ்டிஃப்’ ஜெர்மானிய வழியில் வந்த பழைய ஆங்கிலச் சொல். கஞ்சி போட்ட வேட்டியின் மொடமொடப்பு அதுதான். ‘ரிஜிட்’ குளிரில் விறைத்துப்போவதைச் சொல்லும் லத்தீனிலிருந்து. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போடுவதை ‘ரிகர்’ என்று டாக்டர்கள் எழுதுவதும், கோர்ட்டில் கடுங்காவல் தண்டனைக்கு ‘ரிகரஸ்’ என்ற சொல் வருவதும் ஒரே வீட்டிலிருந்துதான். ‘அடமன்ட்’ பற்றி ஒரு எச்சரிக்கை. அடம்பிடிப்பதிலிருந்து வந்தது என்று யாராவது ஒரு பையன் கையைத் தூக்கிச் சொல்வான். வாட்ஸ்அப்பில் பெரியவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க ஆசையாக இருந்தாலும் உண்மை இல்லை. கிரேக்கத்தில் ‘அதமாஸ்’ என்றால் அடக்கமுடியாதது. அதிலிருந்துதான் வைரத்தைக் குறிக்கும் ‘டயமண்ட்’டும் வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். எல்லாச் சொல்லுக்கும் தமிழ் வேர் தேடுகிற பழக்கத்தால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை, ஆங்கிலமும் வராது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, போர்ஷன் முடிக்கவேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறி, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2025-இல் முதல்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதின. பிள்ளைகளும் திணறுகிறார்கள், நீங்களும் திணறுகிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தத் தேர்வில்தான் முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். அதில் வருகிற சொற்கள் எந்த நோட்டிலும் இருக்கப்போவதில்லை. ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று ஒரு சொல் வந்தால், ‘ஸ்ட்ரிக்ட் – கண்டிப்பான’ என்று மனப்பாடம் செய்தவனுக்கு அது புதுச் சொல். கயிற்றைப் பார்த்தவன், இது எதையோ இழுத்துக் கட்டுகிற சங்கதி என்று பாதியாவது ஊகித்துவிடுவான். பாதி ஊகம் போதும், மீதியைப் பத்தியே சொல்லிவிடும். வாரத்துக்கு ஒரு சொல், அரை வகுப்பு. அதற்குமேல் கேட்கவில்லை.

நோட்டில் ‘எதிர்ச்சொல்’ கட்டத்தைச் சின்னதாக்கி, ‘சொந்தக்காரர்கள்’ என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். இன்னொன்று. சொற்பிறப்பும் தருகிற தடிமனான ஆங்கில அகராதி ஒன்று பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதை வகுப்பு மேசைக்குக் கொண்டுவந்து வையுங்கள். பிள்ளைகள் எடுத்துப் புரட்டட்டும். பக்கம் கிழிந்தால் கிழியட்டும், ஊரில் கேட்டால் புதிது வாங்கித்தர ஆள் இருக்கிறோம்.

அன்புடன்,
நோணாங்குப்பத்திலிருந்து உங்கள் அண்டைவீட்டுக்காரன்